கசந்த கார்டும் நாற்பத்தொன்றாம் லெவலும்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கோணலாக இருக்கும். ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று குறுக்கே வந்துவிடும். எது முந்தி, எது பிந்தி என்பதும் இப்போது அடிக்கடி மறந்துபோகிறது. ஓர்ஸ் ஹில் மேட்டின் அடியில் இருக்கும் எங்கள் கேம் மெஷின் திருத்தும் கடைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி முதலாளியின் மகள் ஒரு கொப்பியைத் தந்துவிட்டுப் போனா. வந்து சொல்லுங்கள் என்றுதான் முதலில் கேட்டவ. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் கட்டிவிடும். அதனால்தான் எழுத்து.

நான் அந்தக் கடைக்குக் கூட்டித் துடைக்கப் போனவள். அதற்கு முன் சல்லிக் கடற்கரையில் கருவாடு போட்டுக்கொண்டிருந்தேன். கேம் மெஷின் என்று ஒரு சாமான் இருப்பதே தெரியாது. மேசையைத் துடைக்கும்போது கொன்ட்ரோலர்களையும் துடைத்தேன். பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அவற்றின் இடுக்குகளைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். பிறகு திருகாணி கழற்றப் பழகினேன். பிறகு முன்மேசையில் நின்று சாமான் வாங்கச் சொன்னார்கள். அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம், கதைக்க வேண்டுமே.

திருத்துகிற வேலையை நான் எழுதப் போவதில்லை. அதைக் கடையில் காட்டித் தருவார்கள். எனக்குத் தெரிந்த சில்லறை விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

கொன்ட்ரோலரைக் கையில் எடுத்ததும் தேய்மானத்தைப் பாருங்கள். இடது பக்கக் குமிழ் தேய்ந்திருந்தால் அந்த ஆள் ஓடி விளையாடுகிறவர். வலது பக்க மேல் பொத்தான் தளர்ந்திருந்தால் சுட்டு விளையாடுகிறவர். எல்லாம் ஒரேமாதிரித் தேய்ந்திருந்தால் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அது வாயில் வைக்கிறது. விளையாட்டு அடங்கிய கார்டை மெஷின் பிடிக்கவில்லை என்றால் அதை ஊதாதீர்கள். ஊதும்போது எச்சிலும் சேர்ந்து போகும். நமது ஊர்க் காற்றில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, அது போதும்.

ஒரு தரம் சீனன்குடாப் பக்கத்திலிருந்து ஒருவர் பெரிய மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். திறந்தால் உள்ளே இரண்டு பல்லி முட்டை. அந்த மனிதர் மேசைக்கு முன்னால் நிற்கிறார். சொன்னால் கோபிப்பாரோ, சொல்லாவிட்டால் நாங்கள் போட்டதென்று நினைப்பாரோ என்று நான் தடுமாறிக்கொண்டு நின்றேன். எங்கள் பாஸ் முட்டைகளை ஒரு தீப்பெட்டிக்குள் பக்குவமாக வைத்து அவரிடமே நீட்டினார்.

“உங்கட சாமான். எண்ணிப் பாத்து எடுங்கோ.”

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மேசையே ஆடியது. வேலை தெரிந்த ஆளை, முதலாளி இல்லாவிட்டாலும், நாங்கள் பாஸ் என்றுதானே கூப்பிடுவோம். அவருக்குப் பெயர் ஒன்று இருக்கிறது, நான் அதைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கிளிவெட்டி ஊர்க்காரர். என்னைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் எனக்கு வேலை தந்தவர், வேலை பழக்கியவர் அவர்தான்.

இனி நான் சொல்லவந்த கதை. இது சரியாகச் செய்ததா, பிழையாகச் செய்ததா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதனாலேயே உங்களுக்குச் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. நனைந்த சாமான் வந்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பேன். கருவாட்டுக்காரியின் பழக்கம் அது. உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா என்று உடனே தெரிந்துவிடும். “மழையிலை நனைஞ்சது” என்று ஆட்கள் சொல்வார்கள். என் நாக்கு அது கடல் என்று சொல்லும். பாஸ் ஏசுவார். நான் அவர் பார்க்காத நேரம் செய்வேன். நீங்கள் செய்யாதீர்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

ஒரு நாள் காலை கடை திறந்த கையோடு கிண்ணியாவிலிருந்து ஒரு பெண் வந்தா. நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. மேசையில் வைத்து மூடியைத் திறந்தா. நிறைய அரிசி. அரிசிக்குள் கையில் பிடித்து விளையாடும் மெஷின் ஒன்று புதைந்து கிடந்தது.

“பாலத்தடியில கடல்ல விழுந்திட்டு அக்கா. நண்டு புடிக்கிற ஒராள் முங்கி எடுத்துத் தந்தாரு. எப்பிடியும் இத எழுப்பித் தாங்க. எங்கட ஊட்டுக்காரர்ர கை இதுக்குள்ளதான் இரிக்கி.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவவே சொன்னா. கணவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். போன வருடம் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தந்த பந்தை அமத்தச் சொன்னால் எறிவார், கயிற்றை இழுக்கச் சொன்னால் முகத்தைத் திருப்புவார். மருமகன் கொண்டுவந்து கொடுத்த இந்த மெஷினில் லொறியைக் கொண்டுபோய் நிறுத்தும் விளையாட்டு ஒன்று இருந்தது. அதை மட்டும் தொட்டார். ஒவ்வொரு லெவலிலும் இடம் சின்னதாகிக்கொண்டு போகும். விரல் அசையத் தொடங்கியதே அதில்தான். இப்போது நாற்பத்தொன்றாவது லெவல்.

“முதல்ல இருந்து தொடங்கச் சொன்னா அவர் செய்யமாட்டாரு. நேத்துலேருந்து சோறும் தின்னல்ல, கதைக்கவும் இல்ல. அந்த நாப்பத்தொண்டு வேணும் அக்கா. மெஷின் போனாப் போகட்டும், அது வேணும்.”

முதலாளி கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தார். பாஸ் கிளிவெட்டியில் அறுவடைக்கு. நாலு தரம் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அந்தப் பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா.

எங்கள் வீட்டில் படகு இயந்திரம் கடலில் விழுந்தால் உடனே வெயிலில் வைக்கமாட்டார்கள். திருத்துகிறவர் வரும்வரை நல்ல தண்ணீர்ப் பீப்பாய்க்குள் அமிழ்த்தி வைப்பார்கள். காற்றுப் பட்டால்தான் உப்பு இரும்பைத் தின்னத் தொடங்கும். இதற்கும் அதுதானே என்று எனக்குப் பட்டது. அரிசிக்குள் ஓர் இரவு கிடந்துவிட்டது, இனியும் பொறுக்க ஏலாது. திருகாணிகளைக் கழற்றி, பற்றரியைப் பிரித்து எடுத்தேன். பிறகு பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்க் குடிக்கும் தண்ணீர் இரண்டு பெரிய போத்தல் வாங்கிவந்து, சாமான் கழுவும் பிளாஸ்டிக் பேசினை எடுத்தேன்.

“என்ன செய்யப் போறீங்க?”

“கழுவப் போறன்.”

“தண்ணிக்குள்ள விழுந்ததத் தண்ணிக்குள்ளயா போடுறீங்க? உங்களுக்கு வெளங்கித்தான் செய்றீங்களா அக்கா?”

விளங்கித்தான் செய்கிறேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. “ஓம்” என்று மட்டும் சொன்னேன்.

முதலில் கார்டை எடுத்தேன். நகம் அளவு சின்னக் கார்ட். விளையாட்டு அதற்குள்தானே இருக்கிறது, அப்படியானால் நாற்பத்தொன்றும் அதற்குள்தான் இருக்கும் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கழுவி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன்.

கசப்பு. கருவாட்டில், கடலில், கிணற்றில், எதிலும் நான் காணாத கசப்பு. வேப்பங்காய்கூட அப்படிக் கசக்காது. உப்பு உள்ளே போய் ஏதோ அமிலமாகிக் கார்டைத் தின்கிறது என்று நினைத்தேன். திரும்பக் கழுவினேன். கசப்பு. பிரஷ்ஷால் உரஞ்சினேன். கசப்பு. ஒரு போத்தல் முடிந்தது. இரண்டாவதைத் திறந்தேன். அந்தப் பெண் நான் கழுவுவதையும் நக்குவதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றா. பாவம், அவவுக்கு என்ன தோன்றியிருக்கும்.

“அக்கா, உங்களுக்கு ஏதும் செய்யுதா?”

“இல்லை.”

“முகம் ஒருமாதிரிப் போகுதே.”

இரண்டாவது போத்தலும் முடிந்தது. கசப்புப் போகவே இல்லை. அரை மணித்தியாலம் போய்விட்டது. பக்கத்தில் மெஷின் திறந்தபடி, காற்றுப் பட்டபடி கிடந்தது. எதைக் காற்றுப் படாமல் வைக்கவேண்டும் என்று தெரிந்து தொடங்கினேனோ அதையே மறந்துவிட்டேன். பதறிப்போய்க் கடைக் குழாயைத் திறந்து பேசினை நிரப்பி, மெஷினுக்குள் இருந்த போர்டைக் கழற்றி அதற்குள் அமிழ்த்தினேன். அமிழ்த்திய பிறகுதான் நினைவு வந்தது. எங்கள் கடைக் குழாயில் வருவது கிணற்றுத் தண்ணீர். உவர். தேத்தண்ணிகூட அதில் போடமாட்டோம்.

உடனே எடுக்கவா, கிடக்கட்டும் என்று விடவா? எடுத்தால் காற்று, விட்டால் உவர். நான் பேசினுக்கு முன்னால் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில், தேத்தண்ணிக் கடையில் இன்னும் மூன்று போத்தல் வாங்கிவந்து தண்ணீரை மாற்றினேன். அந்தப் பெண்ணிடம் உவர்த் தண்ணீர்க் கதையைச் சொல்லவில்லை. “கார்ட் சுகமாய் இருக்கு, உங்கட நாப்பத்தொண்டு அதுக்குள்ளைதான் இருக்கும், போயிட்டு வாங்கோ” என்றேன். அது எனக்குத் தெரியாத விஷயம். அவவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

பின்னேரம் பாஸ் வந்தார். உடம்பெல்லாம் வைக்கோல் தூசு. போர்டை எடுத்துப் பார்த்தார், காற்று ஊதும் கருவியால் உலர்த்தினார், பற்றரியை மாட்டினார். நான் பின்னால் நின்றேன். சொல்லவேண்டும் என்று தெரியும், வாய் வரவில்லை. அவர் சார்ஜரைக் கையில் எடுத்தார். இனி ஒரு நொடி. உவர் உள்ளே இருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அவரேதான் எனக்குச் சொல்லித் தந்தவர்.

ஓடிப்போய்ச் சுவரில் இருந்த வயரைப் பிடுங்கிவிட்டேன்.

“என்னக்கா!”

“குழாய்த் தண்ணியிலை போட்டனான்!” என்று கத்தினேன். அந்தக் கடையில் நான் கத்திய ஒரே நாள் அதுதான். பிறகு எல்லாம் கொட்டிவிட்டேன். கார்ட், கசப்பு, இரண்டு போத்தல், உவர், அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பொய்.

பாஸ் கதிரையில் உட்கார்ந்தார். ஏசப் போகிறார் என்று நின்றேன். அவர் தோள் குலுங்கியது. சிரித்தார்.

“அக்கா, அந்தக் கசப்பு கார்ட் செய்யிற கொம்பனிக்காரரே பூசி விடுறது. சின்னப் பிள்ளையள் எடுத்து விழுங்காமல் இருக்க. நீங்கள் அதைக் கழுவிக் கழுவிச் சாப்பிட்டிருக்கிறீங்கள்.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “பரவாயில்லை, கார்ட் சுகம்தானே? நாப்பத்தொண்டு இருக்குமே?” என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். “அது கார்டிலை இல்லை அக்கா. ஆள் எந்த லெவல் எண்டது மெஷினுக்குள்ளை இருக்கிறது. இந்தா.” போர்டில் ஒரு கறுப்புச் சதுரத்தைத் தொட்டுக் காட்டினார். நான் உவரில் போட்டது அதைத்தான்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒரு சாமான் எதற்குள் இருக்கிறது என்று தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நீங்கள் செய்த பிழையையும் அடுத்த கை அந்தச் சாமானைத் தொடுமுன் சொல்லிவிடுங்கள். அன்று இரண்டாவதைக் கடைசி நொடியில் செய்தேன். முதலாவதைச் செய்யவே இல்லை.

பாஸ், வாகனப் பற்றரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் போர்டைக் கழுவினார். பிறகு ஸ்பிரிட்டில் கழுவினார். மூன்று நாள் மூடிவைத்தார். அந்த மூன்று நாளும் அந்தப் பெண் காலையும் மாலையும் போன் அடித்தா. “கை என்ன சொல்லுது அக்கா?” என்றுதான் கேட்பா. மெஷின் என்று சொல்லமாட்டா.

நான்காம் நாள் சார்ஜரைக் குத்தினோம். திரையின் மூலையில் தேத்தண்ணிக் கறை மாதிரி ஒரு மஞ்சள். மற்றபடி வெளிச்சம் வந்தது. லொறி வந்தது. கீழே நாற்பத்தொன்று. பாஸ் என் முன்னால் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி விளையாட்டுக்குச் செய்தார். நான் குசினிப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் காலை இழுத்து இழுத்து நடந்தார். பெரிய உடம்பு. பஸ் ஓட்டியவர் என்று பார்த்தாலே தெரியும், கதவால் நுழையும்போதே கடையின் அகலத்தைக் கண்ணால் அளந்தார். கதிரையில் இருத்தி, பாஸ் மெஷினை அவர் மடியில் வைத்தார். அவர்கள் பக்கத்து வழக்கப்படி அண்ணன் என்பதற்கு நானா என்று கூப்பிட்டார்.

“பாருங்கோ நானா. அப்பிடியே இருக்கு.”

அவர் பார்த்தார். நாற்பத்தொன்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஆரு இத எழுப்பச் சொன்ன?”

பேச்சு மெதுவாக, ஒரு பக்க வாயால் வந்தது. ஆனாலும் தெளிவாகத்தான் கேட்டது.

“இஞ்ச, என்ன கதைக்கிறீங்க? அவங்க எவ்வளவு பாடுபட்டு...” என்று மனைவி தொடங்கினா.

“அது தவறி விழல்ல. நான்தான் போட்ட.”

மனைவி அவர் பக்கம் திரும்பினா. “தவறி விழுந்ததெண்டுதானே...”

“நீதான் அப்பிடிச் சொன்ன. நான் வாய் தொறக்கல்ல.”

எனக்குக் காதெல்லாம் சுட்டது. நான் யாருக்காக இந்தப் பாடு பட்டேன்? கொண்டுவந்தவவிடம் எல்லாம் கேட்டேன், மெஷினை வைத்திருந்தவர் வீட்டில் சோறு தின்னாமல் இருக்கிறார் என்றும் அவ சொல்லக் கேட்டேன். ஏன் தின்னவில்லை என்று அவரைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போது எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது, “ஏன் போட்டனீங்கள்?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் மூச்சு எடுத்து எடுத்துச் சொன்னார். “நாப்பத்தொண்டுல லொறியப் பின்னுக்கு எடுத்துக்கிட்டே திருப்பணும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒண்டா அமத்தணும். எனக்கு ஏலா. ரெண்டு மாசமா நாப்பத்தொண்டு. இவ டீ கொண்டு வந்தா, இப்ப லெவல் எத்தின? பள்ளிக்குத் தொழப் போனா, எத்தின? மச்சான் கட்டாருலேருந்து போன்ல கோல் எடுத்தா, எத்தின? முப்பது வருசம் பஸ் ஓட்டினவன். பின்னுக்கு எடுக்கத் தெரியாதாம்.”

“நான் பெருமையாத்தானே எல்லாருக்கும் சொன்னேன்” என்றா மனைவி.

“நாப்பது வரைக்கும்தான் பெருமை.”

பிறகு பாஸைப் பார்த்து, “இத அழிங்க” என்றார்.

பாஸ் தரையில் குந்தினார், அவர் முகத்துக்குச் சமமாக. “நானா, அழிக்கத் தேவையில்லை. இது கிடக்கட்டும். வேறை பேரிலை முதல்லேருந்து தொடங்கலாம்.”

“கிடந்தா இவ தொறந்து பாப்பா.”

மனைவி பார்க்கமாட்டேன் என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது, பொய் சொல்லவில்லை.

பாஸ் அழிக்கும் இடத்தைத் திறந்தார். வலது பக்கப் பொத்தானை விடாமல் அமத்திப் பிடிக்கவேண்டும். பிடித்தால் திரையில் ஒரு வட்டம் மெல்ல மெல்ல நிரம்பும். நடுவில் விட்டால் வட்டம் காலியாகி, திரும்பத் தொடங்கவேண்டும். தவறுதலாக அழியாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். பாஸ் தன் விரலைக் கொண்டுபோனார். அந்த மனிதர் அதைத் தோளால் தள்ளிவிட்டார்.

“நான்.”

வலது பெருவிரலை இடது கையால் தூக்கிப் பொத்தான் மேல் வைத்தார். அமத்தினார். வட்டம் கால்வாசி வந்தது, விரல் வழுக்கியது. காலி. திரும்ப வைத்தார். பாதி தாண்டியது. நகம் வெளுத்தது, மணிக்கட்டு நடுங்கியது, விட்டுவிட்டது. காலி. நெற்றியெல்லாம் வியர்வை. மனைவி ஒரு அடி முன்னால் வந்தா. பாஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

மூன்றாம் தரம் வைத்தார். பாதி. முக்கால். விரல் ஆடுகிறது, விடவில்லை. வட்டம் மூடியது. நாற்பத்தொன்று போய்விட்டது. வெறும் லொறி, கீழே லெவல் ஒன்று.

மனைவி வாயைத் திறந்தா. எத்தனை செக்கன் பிடித்தீர்கள் என்று கேட்க வந்தா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், உதட்டில் அந்த “எத்...” நின்றது. விழுங்கிவிட்டா. முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றா. அவர் கிண்ணியா பஸ் வரும்வரை எங்கள் கதிரையில் இருந்து லொறி ஓட்டினார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு நான் பாஸிடம் கேட்டேன். “நாங்கள் இதைக் காப்பாத்தினமா, கெடுத்தமா?” அவர் பேசினைக் கழுவிக்கொண்டே, “எனக்கும் தெரியேல்லை அக்கா” என்றார். எழுப்பாமல் விட்டிருந்தால் அந்த மனிதர் அதைத் தன் விரலாலேயே அழித்திருக்க ஏலாது. அழிக்கவேண்டிய ஒன்றை மூன்று நாள் பாடுபட்டு எழுப்பினேன் என்று நினைத்தால் அதுவும் சரியாகத்தான் படுகிறது. உங்களில் யாருக்காவது விளங்கினால் எனக்குச் சொல்லுங்கள்.

இதை ஒருவர் வாசித்துச் சரிபார்த்தால் நல்லது. எல்லாக் கார்டுக்கும் கசப்புப் பூசுகிறார்களா, அந்த வகைக்கு மட்டுமா என்று தெரியாது. நாக்கில் வைக்காமல் வேறு விதமாக விசாரியுங்கள். மூடிவைத்தது மூன்று நாளா நான்கு நாளா என்று பாஸைக் கேளுங்கள், இப்போது ஊரோடு, கிளிவெட்டியில்தான் இருக்கிறார். வலது கை என்று எழுதியிருக்கிறேன். கண்ணுக்குள் அப்படித்தான் நிற்கிறது, ஆனால் நான் அவருக்கு எதிரே நின்றவள், மாறிப் பார்த்திருக்கவும் கூடும். அந்த மனிதர் எப்போதாவது கடைக்கு வந்தால் எந்தக் கை என்று பார்த்துத் திருத்திவிடுங்கள். எத்தனையாவது லெவல் என்று மட்டும் கேட்காதீர்கள்.